கோப்பையடியில் ஒரு சிவப்புப் புள்ளி

எச்ஐவி உள்ளவர்கள் கூடும் எங்கள் பேச்சு வட்டத்தில் ஆன்ட்டி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தபோது நோயிலிருந்து ஆரம்பிக்கவில்லை, வேன் டிரைவரிலிருந்து ஆரம்பித்தார்.

கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தின் வடக்குப் பகுதியில் ஒரு க்ரீ ரிசர்வ், அதாவது க்ரீ என்ற பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஊர். "ஊர்ப் பெயரைப் போடாதே, மொத்தமே இருநூறு வீடுதான், இன்னும் ஒரு விவரம் சேர்ந்தால் நான் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்" என்றார், அதனால் போடவில்லை. (கேட்டுத்தான் எழுதுகிறேன். சிலதை மாற்றி எழுதச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.) அந்த ஊரிலிருந்து ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கோ சஸ்கட்டூனுக்கோ வர வேண்டும். கார் இல்லாதவர்களுக்கு ஊர் நிர்வாகத்தின் மருத்துவ வேன் உண்டு. முதலிலேயே பெயர் கொடுத்து, எந்த கிளினிக், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட வேண்டும், அந்தச் சீட்டு டிரைவர் கையில் இருக்கும். டிரைவர் யாரென்றால் ஆன்ட்டியின் பெரியம்மா மகளைக் கட்டியவர். கெட்டவர் கிடையாது, குளிரில் யாரையும் ரோட்டில் நிற்க விடாத மனுஷன். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டடத்து வாசலில் இறங்குகிறவர்கள் எதற்கு இறங்குகிறார்கள் என்பது வேனில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கும் தெரியும்.

"நான் வீடு வந்து சேர மூன்று மணி நேரம். செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தது" என்றார்.

அவர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், மொக்கசின் டெலிகிராஃப். மொக்கசின் என்பது மான் தோலில் தைக்கிற காலணி, ஆள் நடந்து போய்ச் சொல்கிற செய்தி தந்தியை விட வேகமாகப் போகும் என்ற கிண்டல். இப்போது நடக்க வேண்டியதும் இல்லை, ஃபேஸ்புக் மெசஞ்சர் இருக்கிறது.

அடுத்த வாரம் ஆன்ட்டி தன் காபிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தபோது அடியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. நெயில் பாலிஷ். தட்டைத் திருப்பிப் பார்த்தார், அதிலும் இருந்தது. தங்கைதான் வைத்திருக்கிறாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, சண்டை இல்லை, வெளியே போ என்று கத்தவில்லை. அந்தப் புள்ளி மட்டும்.

வட்டத்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் ஒரு ஓரமாகத் தனியாக ஒரு குவளையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு, கோப்பையைப் பிரித்து வைப்பது என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. எந்தப் பக்கத்துக் குவளையில் குடித்து வளர்ந்தவன் நான் என்பது இன்னும் தர்மசங்கடமான விஷயம், அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

சரி, நான் எப்படி அந்த வட்டத்துக்குள் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சஸ்கட்டூனில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று எழுதப் போவதில்லை. ஒளிப்பதற்காக இல்லை, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் கேட்டவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும் பாருங்கள், இவன் பாவமா இல்லை இவனுக்கு வேண்டியதுதானா என்று, அந்தக் கணக்குக்கு இனிமேல் எண் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆன்ட்டியின் ஊரிலும் அதே கேள்விதான். அங்கே அது "ஊசியா, படுக்கையா?" என்று வரும்.

இந்த மாகாணத்தில் ஊசி என்ற பதில்தான் அதிகம். கனடாவில் எச்ஐவி தொற்று விகிதம் பல வருடமாக மிக அதிகமாக இருக்கிற மாகாணங்களில் ஒன்று இது, தேசிய சராசரியைப் போலப் பல மடங்கு. ஊசி வழியாகப் போதை மருந்து எடுப்பதுதான் இங்கே முக்கியமான காரணம். புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பழங்குடி மக்கள், அதாவது முதற்குடியினரும் மேட்டி மக்களும் (பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சம்). மாகாண மக்கள்தொகையில் அவர்கள் ஆறில் ஒரு பங்குதான். 2016-ல் இங்குள்ள டாக்டர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து இதைப் பொது சுகாதார அவசரநிலையாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டார்கள், அரசு அறிவிக்கவில்லை. அதனால்தான் பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு நர்ஸ் என்னை அனுப்பிய பேச்சு வட்டத்தில் பதினொரு பேரில் ஒன்பது பேர் க்ரீ அல்லது டெனே (இன்னொரு முதற்குடி), ஒருவர் மேட்டி, அப்புறம் நான். முதல் நாள் ஒருவர் என்னைப் பார்த்து "நீ எந்த இந்தியன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொலம்பஸ் செய்த குழப்பம் அந்த ஒரு அறையில் மட்டும்தான் ஒரு உபயோகத்துக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் சேஜ் இலையைக் கொளுத்தி அந்தப் புகையைத் தலையிலும் நெஞ்சிலும் வாரிக்கொள்வார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணிதான் ஞாபகம் வந்தது. கழுகு இறகு ஒன்று கை மாறிக்கொண்டே வரும், அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம், பேச விருப்பமில்லை என்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். நான் நான்கு மாதம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், நான் உட்பட, முதலில் நினைப்பது என்னவென்றால், "இவர்கள் கட்டுக்கோப்பான சமூகமாயிற்றே, சொந்தக்காரர்களையே ஏன் ஒதுக்குகிறார்கள்?" ஆன்ட்டியிடம் அப்படியே கேட்டுவிட்டேன், முட்டாள்தனமாக. அவர் கோபப்படவில்லை. தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது காசநோய் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் பழங்குடி மக்களுக்கென்று தனியாக "இந்தியன் ஆஸ்பத்திரி"கள் இருந்தன, இந்த மாகாணத்தில் ஃபோர்ட் குவாப்பெலில் ஒன்று. வெள்ளைக்காரர்களுக்குத் தொற்றிவிடக் கூடாது என்பதுதான் அந்த ஆஸ்பத்திரிகளுக்குப் பின்னால் இருந்த பெரிய கவலை. சிகிச்சைக்குப் போக மறுத்தாலோ, டிஸ்சார்ஜ் ஆகாமல் கிளம்பினாலோ குற்றம் என்று 1953-ல் விதியே போட்டிருந்தார்கள். அம்மா மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது க்ரீ மொழி பாதி மறந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு உறைவிடப் பள்ளி. ஒன்றரை லட்சம் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து, மொழி பேசினால் அடித்து, உடம்பு என்றாலே பாவம் என்று சொல்லிக்கொடுத்த பள்ளிகள். இந்த மாகாணத்தின் கடைசிப் பள்ளி மூடியது 1996-ல், அதாவது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில்.

"எங்கள் வீட்டில் நோய் என்றால் காய்ச்சல் இல்லை, யாரோ வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவது" என்றார் ஆன்ட்டி. "தங்கச்சி என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. எனக்குப் பின்னால் வரப்போகிற காரைப் பார்த்துப் பயந்தாள்."

அந்தக் கார் வெறும் கற்பனை இல்லை. தங்கைக்கு அப்போது வயிற்றில் குழந்தை. பிரசவத்துக்கு வருகிற பெண்ணைப் பற்றி, குழந்தைகள் நலத்துறை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுத்து வைக்கும், பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்துப் போக அது வழி செய்யும். பிரசவ எச்சரிக்கை என்று அதற்குப் பெயர். அதில் அதிகமாக மாட்டியவர்கள் பழங்குடிப் பெண்கள். சஸ்காட்செவனில் இந்த வழக்கத்தை நிறுத்தியது 2021 பிப்ரவரியில்தான். வீட்டில் ஒரு எச்ஐவி ஆள் இருக்கிறார் என்று யாரோ ஒரு ஃபைலில் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்தால், அது அறியாமையா? எனக்குத் தெரிந்த வரையில் அது அனுபவம்.

இன்னொரு பக்கம் சட்டம். இதை நம்மவர்கள் நிறையப் பேருக்குத் தெரியாது, இங்கே வந்து பல வருடம் ஆனவர்களுக்கும்கூட. கனடாவில் எச்ஐவி இருப்பதைச் சொல்லாமல் உடலுறவு வைத்துக்கொண்டால், தொற்றுவதற்கு உண்மையான வாய்ப்பு இருந்தது என்று நீதிமன்றம் நினைத்தால், பாலியல் வன்கொடுமை வழக்கு வரலாம். தொற்றியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வைரஸ் அளவும் குறைவாக இருந்து ஆணுறையும் போட்டிருந்தால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று. 2018 கடைசியில், மருந்து எடுத்து வைரஸ் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் மேல் வழக்குப் போட வேண்டாம் என்று மத்திய அட்டர்னி ஜெனரல் ஓர் உத்தரவு போட்டார், ஆனால் அது வடக்கே இருக்கிற மூன்று பிரதேசங்களில் நடக்கும் வழக்குகளுக்கு மட்டும். ஆக, சொன்னால் ஊர் ஒதுக்கும், சொல்லாவிட்டால் போலீஸ் வரும். சொன்னதற்குச் சாட்சி வேண்டும் என்பதற்காக மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆசையாக ஒருவரிடம் பேச ஆரம்பிக்கிற முதல் வாரத்திலேயே சாட்சி சேகரிக்க வேண்டியிருக்கிறது.

மருந்து விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. 2018-லிருந்து சஸ்காட்செவனில் எச்ஐவி மருந்துகளுக்கு முழுச் செலவும் அரசுதான். மூன்றாவது மாதமே என் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விட்டது. கண்டறிய முடியாத அளவு என்றால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது, குறைவாகத் தொற்றும் என்றுகூட இல்லை, தொற்றாது. ஐரோப்பாவில், ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்த 782 ஆண் ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள், ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை, மருந்தில் இருந்த துணையிடமிருந்து தொற்றியது பூஜ்யம். இதை ஆன்ட்டிக்கும் நர்ஸ் சொல்லியிருக்கிறார். "வைரஸ் போய்விட்டது, நெயில் பாலிஷ் போகவில்லை" என்றார். (வைரஸ் முழுக்கப் போகாது, மாத்திரையை விட்டால் திரும்பி வரும், அது அவருக்கும் தெரியும். சும்மா ஒரு பேச்சு.)

கோப்பை வழியாகத் தொற்றாது என்பதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! நான் கல்லூரியில் படித்த காலத்தில் தமிழ்நாடு முழுக்க "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று போர்டு வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஹாஸ்டலில் அந்த வருஷம் பாதிப் பேரை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டோம். எல்லோருக்கும் எய்ட்ஸ் என்ற வார்த்தை தெரிந்தது, யாருக்கும் எதுவும் புரியவில்லை. நானும் சிரித்தவன்தான். ஆன்ட்டி அந்தச் சிவப்புப் புள்ளியைப் பற்றிச் சொன்னபோது அது மண்டைக்குள் ஓடியது, ஆனால் ஆங்கிலத்தில் இதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ரகசியத்துக்குத் தூரம் வேண்டும், தூரத்துக்கு பஸ் வேண்டும். முன்பு மாகாண அரசின் பஸ் கம்பெனி, எஸ்டிசி, சின்னச் சின்ன ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும். யாருக்கும் சொல்லாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு, தெரிந்த முகம் இல்லாத நகரத்துக்கு வந்து, டெஸ்ட் செய்துகொண்டு போகலாம். நஷ்டம் என்று 2017 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். பட்ஜெட்டில் அது பஸ் செலவு. ஆன்ட்டிக்கு அது, மச்சான் ஓட்டாத ஒரே வண்டி.

இதற்கெல்லாம் நடுவிலும் தானாக எழுந்து நின்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். எனோக் க்ரீ நேஷனைச் சேர்ந்த கென் வார்டு, கனடாவின் பழங்குடி மக்களில் எச்ஐவி இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன முதல் சிலரில் ஒருவர். மாத்திரையால் காப்பாற்ற முடியாத காலத்திலேயே ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். பிக் ரிவர் ஃபர்ஸ்ட் நேஷன் என்ற ஊர், "உன் நிலையைத் தெரிந்துகொள்" என்று ஒரு திட்டத்தைத் தானே ஆரம்பித்தது, டெஸ்டும் சிகிச்சையும் நகரத்தில் இருக்காமல் ஊருக்குள்ளேயே வரும்படி. வெளியிலிருந்து வந்து வகுப்பெடுத்தவர்களால் முடியாததை அது செய்தது, பக்கத்து ஊர்களும் எடுத்துக்கொண்டன. ஆன்ட்டியின் ஊர் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது டெஸ்ட் எடுக்க நர்ஸ் ஊருக்கே வருகிறார், டெஸ்ட் மட்டும் என்று இல்லாமல் சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பார்க்கிறார்கள், அதனால் வரிசையில் நிற்கிறவர் எதற்கு நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. எளிமையான யோசனை, யாரோ உள்ளூர்க்காரர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

புள்ளிக் கதையின் மீதியை ஆன்ட்டி உடனே சொல்லவில்லை, அடுத்த மாதம்தான் சொன்னார். அவருடைய அம்மா, எல்லோரும் கோக்கம் என்று கூப்பிடுவார்கள், க்ரீயில் பாட்டி என்று அர்த்தம், ஒரு நாள் பாத்திரம் துடைக்கும்போது அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் தனித் தட்டில் சாப்பிட்ட அதே கோக்கம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அந்த நெயில் பாலிஷ் பாட்டிலைத் தேடி எடுத்து, வீட்டில் இருந்த எல்லாக் கோப்பைக்கும், எல்லாத் தட்டுக்கும், தன் டீ மக்குக்கும், பேரப்பிள்ளைகளின் ப்ளாஸ்டிக் டம்ளருக்கும், வாணலிக்கும்கூட ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டார். காலையில் தங்கை அலமாரியைத் திறந்து ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். கோக்கம் பின்னால் உட்கார்ந்து பானக் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாராம். "பாட்டில் காலி, வேறு வாங்கிக்கோ" என்று மட்டும் சொன்னாராம்.

அறையே சிரித்தது. ஆன்ட்டியும் சிரித்தார், அப்புறம் இறகைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். தங்கை இப்போதும் முழுக்கச் சரியாகவில்லை, குழந்தையைத் தூக்கக் கொடுப்பாள், முத்தம் கொடுத்தால் கன்னத்தைத் துடைப்பாள். கோக்கம் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

அவர் இறகை என்னிடம் நீட்டினார். நான் அன்றுதான் முதல் தடவையாகப் பேசினேன். என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை, பார்மசி பற்றி ஏதோ உளறினேன். வீட்டுக்குப் பக்கத்தில் பார்மசி இருந்தும் நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய் மாத்திரை வாங்குகிறேன், ஏனென்றால் பக்கத்துக் கடையில் கவுண்டரில் நிற்பது நம் ஆள், பொங்கல் விழாவில் அவர்தான் மைக் பிடிப்பார். பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிடுவேன். ஒரே ஒரு நண்பனிடம் சொன்னேன், அவன் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கே தெரியும். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வீட்டில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி வந்தது.

"உன் வீட்டில் யார் கோக்கம்?" என்று ஆன்ட்டி கேட்டார். எனக்கு அம்மா இல்லை. அக்கா இருக்கிறாள் என்றேன்.

"செய்தி உன்னுடையது. வேன் டிரைவர் கொண்டுபோவதற்குள் நீ கொண்டுபோ. முடியாவிட்டால் கொண்டுபோகாதே, அதுவும் உன் இஷ்டம்தான். ஆனால் எடுத்துக்கொண்டு போகிறவன் நீயாக இருக்க வேண்டும்."

அதற்கு அப்புறமும் எட்டு மாதம் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். அங்கே ராத்திரி, அக்கா தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை, "அக்கா, எனக்கு எச்ஐவி இருக்கு, ஆறு வருஷமா, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே மூச்சில். தண்ணீர்ச் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று ஸ்க்ரீனைப் பார்த்தேன்.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாடா?"

"எப்ப வேணாலும் சாப்பிடலாம்க்கா."

"எப்ப வேணாலும்னா மறந்துடுவ. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்னு வெச்சுக்க."

அவ்வளவுதான் பேசினோம். அழுதாளா தெரியாது, தண்ணீரை மறுபடியும் திறந்துவிட்டாள்.

புதன்கிழமை வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது. "மாமாகிட்ட சொல்லட்டுமா வேணாமா, நீ சொல்றதுதான்."

அக்கா என்னைக் கேட்டிருக்கிறாள். அத்தான் நல்லவர், ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது அவருடைய தம்பி வீட்டுக்கும் சேர்த்துத் தெரிந்த மாதிரிதான். இன்று சனிக்கிழமை, இன்னும் பதில் போடவில்லை. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.